டீசல் எஞ்சினில் டேப்பட் சரிசெய்தல்: மேல் முனையைச் சரியாகக் கண்டறிவது எப்படி?

நெற்பயிரில் கதிர் வெளிவந்து பூக்கும் சமயத்தில் தண்ணீர் தடைப்பட்டால் பதர் மிகுந்து மகசூல் குறையும் என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். மின் இணைப்புக்குக் காத்திருக்கும் கிணறுகளிலும், ஆற்றோரங்களிலும், வாய்க்கால் கரைகளிலும் இத்தகைய சமயத்தில் கைகொடுப்பது டீசல் எஞ்சின். அந்த எஞ்சின் காலையில் எளிதில் கிளம்ப மறுப்பதற்கும், வழக்கத்தை விடக் குறைவாகத் தண்ணீர் இறைப்பதற்கும், கூடுதலாக டீசல் குடிப்பதற்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் அடிக்கடி காணப்படுவதும், செலவின்றிச் சரிசெய்யக் கூடியதும் வால்வு இடைவெளிக் கோளாறு. இதையே ‘டேப்பட் செட்டிங்’ என்று பட்டறையில் சொல்வார்கள்.

இரண்டு ஸ்பானர், ஒரு திருப்புளி, ஒரு ஃபீலர் கேஜ் ஆகியவை இருந்தால் அரை மணி நேரத்தில் இதை நீங்களே செய்து முடிக்கலாம். ஆனால் வேலையைத் தொடங்கும் முன் பிஸ்டனைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். பிளைவீலில் உள்ள குறியைப் பார்த்து நிறுத்திவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை மட்டுமே. அந்தக் குறி இரண்டு வெவ்வேறு நிலைகளைக் காட்டும். அவற்றுள் ஒன்றில் டேப்பட் வைத்தால் எஞ்சின் நலமாக ஓடும். மற்றொன்றில் வைத்தால் நன்றாக ஓடிய எஞ்சினும் கெடும். இந்த இரண்டையும் வேறுபடுத்தி அறியும் முறையை இக்கட்டுரையில் காணலாம்.

வால்வுக்கு இடைவெளி ஏன்?

எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சாதாரணமாக இரண்டு வால்வுகள் உண்டு. காற்று வடிகட்டியிலிருந்து வரும் காற்றை உள்ளே விடுவது இன்லெட் வால்வு. எரிந்த புகையைச் சைலன்சருக்கு அனுப்புவது எக்ஸாஸ்ட் வால்வு. கேம் தண்டில் உள்ள மேடு டேப்பட்டைத் தூக்குகிறது. டேப்பட் புஷ் ராடைத் தூக்குகிறது. புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. மேடு நீங்கியதும் ஸ்பிரிங் வால்வை மூடுகிறது.

வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறும்போது வால்வு நீளும் என்பதே இதற்குக் காரணம். 100 மி.மீ. நீளமுள்ள எஃகுத் தண்டின் வெப்பம் 300 பாகை சென்டிகிரேடு உயர்ந்தால் அது சுமார் 0.36 மி.மீ. நீளும். ஹெட்டும் சூடேறி ஓரளவு விரிவதால் இந்த நீட்சி முழுவதும் இடைவெளியைக் குறைப்பதில்லை. எஞ்சியதற்கு இடம் தருவதற்காகவே குளிர்ந்த நிலையில் இடைவெளி விடப்படுகிறது.

இடைவெளி குறைந்துவிட்டால் சூடேறிய வால்வு தன் இருக்கையில் முழுமையாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தான் பெற்ற வெப்பத்தில் பெரும்பகுதியை இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இருக்கை கிடைக்காத வால்வு குளிர வழியின்றி, நெருப்புக் காற்று கசியும் ஓரத்தில் எரிந்து பள்ளமாகும். பிறகு ஹெட்டைக் கழற்றி, வால்வையும் இருக்கையையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இடைவெளி அதிகமானால் ராக்கர் வால்வின் மேல் சுத்தியல் போல் அடிக்கும். ‘டக் டக்’ என்ற சத்தம் கேட்கும். வால்வு தாமதமாகத் திறந்து, முன்னதாக மூடும். திறக்கும் அளவும் குறையும். காற்றுப் போதாமல் திறன் குறைந்து புகை கறுக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 750 முறை, மணிக்கு 45,000 முறை திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் அடி விழுந்தால் வால்வு நுனியும் ராக்கர் நுனியும் விரைவில் குழிந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராக்கர், புஷ் ராடு, டேப்பட் ஆகியவை தேய்ந்தால் இடைவெளி கூடும். சத்தம் அதை உங்களுக்குச் சொல்லிவிடும். ஆனால் வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்வாங்கினால் வால்வுத் தண்டின் நுனி மேலேறி, இடைவெளி குறையும். எந்தச் சத்தமும் கேட்காது. எனவே எஞ்சின் அமைதியாக ஓடுகிறது என்று டேப்பட்டைப் பார்க்காமல் விடக் கூடாது. சத்தம் போடும் டேப்பட்டைக் காட்டிலும் சத்தம் போடாத டேப்பட்டால் வரும் நட்டமே பெரிது.

மேல் முனை இரண்டு

சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறக்கூடிய உச்ச இடத்தை மேல் முனை என்றும், இறங்கக்கூடிய கடைசி இடத்தைக் கீழ் முனை என்றும் கூறுவோம். மேல் முனையையே மெக்கானிக்குகள் ‘டி.டி.சி.’ என்கின்றனர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிஸ்டன் செல்வது ஒரு வீச்சு.

நம் பம்ப்செட், டிராக்டர், லாரி எஞ்சின்கள் பெரும்பாலும் நான்கு வீச்சு எஞ்சின்களே. உறிஞ்சு வீச்சில் பிஸ்டன் இறங்க, இன்லெட் வால்வு வழியே காற்று வருகிறது. அமுக்க வீச்சில் இரு வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டன் ஏறிக் காற்றை அமுக்குகிறது. அமுங்கிச் சூடேறிய காற்றில் டீசல் பீச்சப்பட்டு எரிய, ஆற்றல் வீச்சில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. கழிவு வீச்சில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்க, பிஸ்டன் ஏறிப் புகையை வெளியேற்றுகிறது.

இந்த நான்கு வீச்சுகளும் முடிவதற்குள் பிளைவீல் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. கேம் தண்டு ஒரு சுற்று மட்டுமே சுற்றுகிறது. ஆகவே பிஸ்டன் இரண்டு முறை மேல் முனைக்கு வருகிறது. அமுக்க வீச்சின் முடிவில் வருவதை அமுக்க மேல் முனை என்றும், கழிவு வீச்சின் முடிவில் வருவதைக் கழிவு மேல் முனை என்றும் வைத்துக்கொள்வோம். பிளைவீலில் வெட்டப்பட்ட குறி ஒன்றுதான். அது இரண்டு நிலைகளிலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். எந்த நிலை என்பதைக் குறி சொல்லாது, வால்வுகள்தான் சொல்லும்.

அமுக்க மேல் முனையில் இரு வால்வுகளும் மூடியிருக்கும். டேப்பட்டுகள் கேம் மேட்டில் ஏறாமல் அதன் வட்டப் பகுதியில் அமர்ந்திருக்கும். இடைவெளியை அளக்க வேண்டிய இடம் இதுவே. கழிவு மேல் முனையில் எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் முழுதாக மூடவில்லை. இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கிவிட்டது. இரண்டும் சிறிதளவு திறந்திருக்கும். இதை ‘வால்வுகள் ஆடும் நிலை’ எனலாம்.

கழிவு மேல் முனையில் டேப்பட் வைத்தால் என்னவாகும்? அங்கே ராக்கர் வால்வை அழுத்திக்கொண்டிருப்பதால் ஃபீலர் கேஜ் நுழையாது. ‘டேப்பட் இறுகிவிட்டது’ என்று எண்ணி, கேஜ் நுழையும் வரை திருகைத் தளர்த்துவீர்கள். எடுத்துக்காட்டாக, அந்த இடத்தில் வால்வு அரை மி.மீ. திறந்திருந்து, நீங்கள் 0.20 மி.மீ. வைத்தால், வால்வு உண்மையில் மூடும் இடத்தில் இடைவெளி 0.70 மி.மீ. ஆகிவிடும். எஞ்சின் கிளம்பியதும் சத்தம் போடும், திறன் குறையும், புஷ் ராடு தன் குழியிலிருந்து நழுவிவிடவும் கூடும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

மேல் முனையை மயிரிழை பிசகாமல் பிடிக்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். நம் பம்ப்செட் எஞ்சின்களில் இன்லெட் வால்வு கீழ் முனை தாண்டிச் சுமார் 35 முதல் 45 பாகையில் மூடிவிடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு அடுத்த கீழ் முனைக்குச் சுமார் அதே அளவு முன்பு திறக்கத் தொடங்குகிறது. எனவே அமுக்க மேல் முனைக்கு இருபுறமும் 100 பாகைக்கு மேல் இரு வால்வுகளும் மூடியே இருக்கும். டேப்பட் வைப்பதற்கு மேல் முனை ஐந்து, பத்து பாகை முன்பின் இருந்தாலும் கெடுதல் இல்லை. இரண்டு மேல் முனைகளில் எது என்பதில் மட்டும் தவறக் கூடாது.

டீசல் பீச்சும் நேரத்தைச் சரிபார்ப்பது வேறு வேலை. பல எஞ்சின்களில் மேல் முனைக்குச் சுமார் 20 முதல் 27 பாகைக்கு முன் டீசல் பீச்சப்படுகிறது. அதில் ஐந்து பாகை பிசகினால் எஞ்சின் இடிக்கும் அல்லது புகையும். அந்த வேலைக்கு மேல் முனையைத் துல்லியமாகக் கண்டறிந்தே ஆக வேண்டும். அதற்கான முறை பின்னர் கூறப்பட்டுள்ளது.

தொடங்கும் முன்

1. கையேட்டில் குளிர்ந்த நிலை இடைவெளி கொடுக்கப்பட்டிருந்தால், இரவு முழுவதும் ஓடாமல் இருந்த எஞ்சினில் காலையில் இவ்வேலையைச் செய்யவும்.

2. டீசல் கட்டுப்பாட்டு லீவரை நிறுத்தும் நிலையில் வைக்கவும். டிராக்டராக இருந்தால் கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடவும்.

3. பம்ப்பின் பெல்ட்டைக் கழற்றினால் பிளைவீலைச் சுற்றுவது எளிது. வேட்டி, துண்டு, தளர்ந்த சட்டைக் கை ஆகியவை சிக்காதபடி பார்த்துக்கொள்ளவும்.

4. ஹெட் நட்டுகளை இறுக்க வேண்டியிருந்தால் டேப்பட் வைப்பதற்கு முன்பே இறுக்கிவிட வேண்டும். ஹெட்டை இறுக்கினால் ராக்கரும் வால்வும் அதனுடன் இறங்குவதால் வால்வு இடைவெளி குறையும். புதிய ஹெட் கேஸ்கெட் போட்ட எஞ்சினில், கையேடு கூறும் மணி நேரம் ஓடிய பின் நட்டுகளையும் டேப்பட்டையும் மீண்டும் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

5. டீகம்ப்ரஷன் லீவர் உள்ள எஞ்சினில் அது ஒரு வால்வைச் சிறிது திறந்து பிடித்திருக்கும். சுற்றுவதற்கு எளிதாக இருக்கும் என்று அதைப் போட்டிருந்தால், இடைவெளியை அளக்கும் முன் மறவாமல் விடுவிக்கவும். லீவர் போட்டபடியே அளந்த இடைவெளி பொய்யானது.

ஒரு சிலிண்டர் எஞ்சினில் கண்டறியும் முறை

வால்வு மூடியைக் கழற்றி, ராக்கர்களைத் துணியால் துடைக்கவும். காற்று வடிகட்டிக் குழாய் சேரும் பக்கம் உள்ளது இன்லெட் வால்வு. சைலன்சர் பக்கம் உள்ளது எக்ஸாஸ்ட் வால்வு. எது எது என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்ளவும்.

பிளைவீலை எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றவும். எக்ஸாஸ்ட் வால்வு கீழே அமுங்கிப் பின் மேலேறுவதைப் பார்க்கவும். அது மேலேறி முடியும் தறுவாயில் இன்லெட் வால்வு அமுங்கத் தொடங்கும். ஒன்று முடியும், மற்றது தொடங்கும் அந்த இடமே கழிவு மேல் முனை. அங்கே நிறுத்தி, பிளைவீலின் விளிம்பிலும் அதற்கு எதிரே அசையாத ஓர் இடத்திலும் சுண்ணாம்புக் கோடு போடவும்.

இப்போது பிளைவீலை அதே திசையில் சரியாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கோடுகள் மீண்டும் நேராக வந்ததும் நிறுத்தவும். இதுதான் அமுக்க மேல் முனை. பிளைவீலில் தொழிற்சாலைக் குறி இருந்தால் அதுவும் ஏறக்குறைய இதே இடத்தில் முள்ளுக்கு நேராக நிற்கும். குறி அழிந்துபோன பழைய எஞ்சினிலும் இம்முறை உதவும் என்பது இதன் சிறப்பு.

இனி ஒரு சோதனை. பிளைவீலை ஒரு சாண் அளவு முன்னும் பின்னும் அசைக்கவும். ராக்கர்கள் இரண்டும் அசையாமல் இருந்தால் நீங்கள் நிற்பது அமுக்க மேல் முனை. பிளைவீல் அசையும்போது ஒரு ராக்கர் இறங்கி, மற்றொன்று ஏறினால் அது கழிவு மேல் முனை. இன்னும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்த்து, சுலபமாக உருண்டால் வால்வு மூடியுள்ளது என்று முடிவு செய்யும் வழக்கமும் உண்டு. இடைவெளி ஓரளவு சரியாக உள்ள எஞ்சினில் இது பயன்படும். ஆனால் இடைவெளியே இல்லாமல் இறுகிப்போன எஞ்சினில் சரியான இடத்திலும் புஷ் ராடு உருளாது. அப்போது அதை நம்பினால் தவறான மேல் முனைக்குப் போய்விடுவீர்கள். அசைத்துப் பார்க்கும் சோதனை இறுகிய எஞ்சினிலும் உண்மையைச் சொல்லும்.

இடைவெளியை வைத்தல்

எவ்வளவு இடைவெளி என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். கையேட்டிலோ எஞ்சின் தகட்டிலோ உள்ள அளவையே பின்பற்றவும். இன்லெட் வால்வுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் வேறு வேறு அளவு கொடுக்கப்பட்டிருக்கலாம். குளிர்ந்த நிலை, சூடான நிலை என்பதையும் கவனிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, டிராக்டர்களில் நன்கு அறிமுகமான பெர்கின்ஸ் 152 வகை 3 சிலிண்டர் எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ., சூடான நிலையில் 0.25 மி.மீ. என்பது அளவு. அண்டை வீட்டார் எஞ்சினுக்கு வைத்த அளவை உங்கள் எஞ்சினுக்கு வைக்கலாகாது.

லாக் நட்டைத் தளர்த்தி, உரிய கனமுள்ள ஃபீலர் தகட்டை ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் இடையே செருகவும். திருப்புளியால் திருகைத் திருப்பி, தகடு சற்றே பிடிப்புடன் வழுக்கி வரும்படி வைக்கவும். தகடு வளைந்தாலோ, இழுக்கக் கடினமாக இருந்தாலோ இடைவெளி குறைவு. எந்தப் பிடிப்பும் இன்றி ஆடினால் இடைவெளி அதிகம். திருகு திரும்பாதபடி திருப்புளியால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கவும். இறுக்கும்போது அளவு மாறுவது வழக்கம். ஆகையால் இறுக்கிய பின் மீண்டும் ஒருமுறை தகட்டைச் செருகிப் பார்ப்பது அவசியம்.

ராக்கர் நுனி குழிந்திருந்தால் தகடு அந்தக் குழியின் மேல் பாலம் போல் நிற்கும். உண்மையான இடைவெளி தகட்டின் கனத்தை விட அதிகமாக இருக்கும். டேப்பட் வைத்த பிறகும் சத்தம் நிற்காத எஞ்சினில் இதைப் பார்க்கவும்.

ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் சிலர் சவர பிளேடைப் பயன்படுத்துவதுண்டு. ஒரு பிளேடின் கனம் சுமார் 0.10 மி.மீ. அவசரத்துக்கு இரண்டு பிளேடுகளைச் சேர்த்து 0.20 மி.மீ. என்று கொள்ளலாம். ஆனால் விரல் அறுபடும் ஆபத்து உண்டு. அளவும் திட்டமாக இராது. ஃபீலர் கேஜ் விலை மிகுந்த கருவியன்று. எஞ்சின் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஒன்று வாங்கி, எண்ணெய் தடவி வைத்துக்கொள்வது நல்லது.

வேலை முடிந்ததும் பிளைவீலை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மீண்டும் அமுக்க மேல் முனைக்குக் கொண்டுவந்து, இரு இடைவெளிகளையும் மறுபடி அளக்கவும். அளவு மாறாமல் இருந்தால் வால்வு மூடியைப் போடலாம்.

துல்லியமாகக் கண்டறிய நடுக்கோட்டு முறை

பழைய எஞ்சின்களில் வேறோர் எஞ்சினின் பிளைவீலை மாட்டியிருந்தாலோ, சாவிக் குழி தேய்ந்திருந்தாலோ தொழிற்சாலைக் குறி பொய்க்கும். டீசல் பீச்சும் நேரத்தைச் சரிபார்க்கும் முன் குறி உண்மைதானா என்று அறிய வேண்டும்.

பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. 110 மி.மீ. வீச்சுள்ள ஒரு 5 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மேல் முனையிலிருந்து பிளைவீல் 5 பாகை திரும்பினால் பிஸ்டன் சுமார் கால் மி.மீ. மட்டுமே இறங்குகிறது. 10 பாகைக்குச் சுமார் 1 மி.மீ.; 30 பாகைக்கோ சுமார் 9 மி.மீ. பிளைவீலின் விட்டம் 45 செ.மீ. என்றால் 5 பாகை என்பது விளிம்பில் ஏறக்குறைய 2 செ.மீ. அதாவது விளிம்பு 2 செ.மீ. நகரும்போது பிஸ்டன் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். எனவே உச்சியைத் தேடாமல், உச்சிக்கு இருபுறமும் பிஸ்டன் வேகமாக நகரும் இரண்டு இடங்களைக் குறித்து, அவற்றின் நடுவை எடுக்க வேண்டும்.

இதற்கு நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு பித்தளை அல்லது அலுமினியக் கம்பியைப் பிஸ்டன் தலையில் படும்படி நிறுத்த வேண்டும். கம்பியின் மேல்நுனியைக் கண்டிப்பாக வளைத்துவிடவும். இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழுந்து, ஹெட்டைக் கழற்றும் வேலையை வைத்துவிடும். பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி, கம்பி மிக உயரும் அளவைக் கண்டு, அதற்குச் சுமார் 10 மி.மீ. கீழே உள்ள அளவைக் கம்பியில் குறிக்கவும். பிஸ்டன் ஏறும்போது கம்பி அந்தக் குறிக்கு வந்ததும் நிறுத்தி, முள்ளுக்கு நேராகப் பிளைவீலில் ஒரு கோடு போடவும். தொடர்ந்து அதே திசையில் சுற்றி, பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கும்போது கம்பி மீண்டும் அதே குறிக்கு வந்ததும் மற்றொரு கோடு போடவும். இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட விளிம்பை நூலால் அளந்து, நூலை இரண்டாக மடித்து நடுவைக் குறித்தால் அதுவே மேல் முனை.

நாசில் சாய்வாகப் பொருத்தப்பட்ட எஞ்சினிலும், நாசில் நேரே சிலிண்டரில் திறக்காமல் தனி அறையில் திறக்கும் எஞ்சினிலும் இம்முறையை முயல வேண்டாம். கம்பி சிக்கிக்கொள்ளும் அல்லது பிஸ்டனைத் தொடாது. நாசிலைத் திரும்பப் பொருத்தும்போது செம்பு வாஷரைப் புதிதாகப் போடவும். கழற்றிய குழாய் முனைகளில் தூசி புகாமல் சுத்தமான துணியால் கட்டி வைக்கவும்.

டிராக்டரிலும் லாரியிலும்

பல சிலிண்டர் எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதனதன் அமுக்க மேல் முனையில்தான் டேப்பட் வைக்க வேண்டும். பிளைவீலிலோ கப்பியிலோ உள்ள குறி சாதாரணமாக 1-ஆம் சிலிண்டருக்கு உரியது. பெரும்பாலான எஞ்சின்களில் 1-ஆம் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம் உள்ளது.

3 சிலிண்டர் டிராக்டர் எஞ்சினில் 1-ஆம் சிலிண்டரை மேலே கூறிய முறையில் அமுக்க மேல் முனைக்குக் கொண்டுவந்து டேப்பட் வைக்கவும். பிறகு கப்பியைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்து, நூலை மூன்றாக மடித்து, கப்பியின் விளிம்பில் மூன்று சம பங்காகக் குறிக்கவும். ஓடும் திசையில் இரண்டு பங்கு, அதாவது 240 பாகை திருப்பினால் அடுத்த சிலிண்டரின் அமுக்க மேல் முனை வரும். எந்தச் சிலிண்டரின் இரு ராக்கர்களும் அசைத்தாலும் அசையாமல் இருக்கின்றனவோ, அதுவே அந்தச் சிலிண்டர். மேலும் இரண்டு பங்கு திருப்பினால் மூன்றாவது கிடைக்கும்.

4 சிலிண்டர், 6 சிலிண்டர் எஞ்சின்களில் இன்னும் எளிய வழி உண்டு. இவற்றில் இரண்டிரண்டு பிஸ்டன்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஒன்று அமுக்க மேல் முனையில் இருக்கும்போது அதன் இணை கழிவு மேல் முனையில் இருக்கும். ஆகவே ஒரு சிலிண்டரில் வால்வுகள் ஆடுவதைக் கண்டால், அதன் இணையில் டேப்பட் வைக்கலாம். 4 சிலிண்டர் எஞ்சினில் இணைகளின் எண்களைக் கூட்டினால் 5 வரும். 4-இல் வால்வுகள் ஆடினால் 1-க்கும், 2-இல் ஆடினால் 3-க்கும், 1-இல் ஆடினால் 4-க்கும், 3-இல் ஆடினால் 2-க்கும் வைக்க வேண்டும். லாரிகளில் காணப்படும் 6 சிலிண்டர் வரிசை எஞ்சினில் கூட்டுத்தொகை 7. அதாவது 1-க்கு 6, 2-க்கு 5, 3-க்கு 4 இணை. லாரி ஓட்டுநர்கள் இந்த 7 கணக்கை நினைவில் வைத்திருந்தால் மேல் முனைக் குறியைத் தேடிக் குனிந்து நிமிர வேண்டியதில்லை.

எப்போது பார்க்க வேண்டும்?

பெரும்பாலான கையேடுகள் 250 முதல் 500 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை டேப்பட்டைப் பார்க்கச் சொல்கின்றன. நாளொன்றுக்கு 8 மணி இறைக்கும் எஞ்சினில் 250 மணி என்பது ஒரு மாதத்துக்கு மேல் சில நாட்களே. ஓடிய மணியை ஒரு நோட்டில் குறித்து வரவும். ஒவ்வொரு முறை டேப்பட் வைக்கும்போதும், திருத்தும் முன் இருந்த இடைவெளியையும் அதில் எழுதி வைக்கவும். எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் வால்வு இருக்கைக்குள் இறங்குகிறது என்று பொருள். அடுத்த சாகுபடி தொடங்கும் முன், தண்ணீர் தேவையில்லாத நாட்களில் ஹெட்டைக் கழற்றி வால்வைப் பார்த்துவிடலாம். கதிர் வரும் சமயத்தில் எஞ்சின் நின்றுபோகும் நிலை வராது.

டேப்பட் சரியாக வைத்த பிறகும் எஞ்சின் கிளம்பச் சிரமப்பட்டால், பிளைவீலைக் கையால் சுற்றி அமுக்கத்தைப் பார்க்கவும். அமுக்க வீச்சில் பிளைவீல் எதிர்த்து நின்று பின்னோக்கித் தள்ள வேண்டும். எதிர்ப்பின்றிச் சுற்றினால் காற்று எங்கோ கசிகிறது. காற்று வடிகட்டியில் ‘உஸ்’ என்ற ஒலி கேட்டால் இன்லெட் வால்வும், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வும் கசிகின்றன. இதைத் திருகைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. வால்வைக் கழற்றி அரைத்தே பொருத்த வேண்டும்.

சுருக்கமாக நினைவில் கொள்ள வேண்டியவை: பிளைவீல் குறி இரண்டு சுற்றில் இரண்டு முறை வரும். வால்வுகள் ஆடும் இடத்தில் டேப்பட் வைக்கக் கூடாது; அங்கிருந்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பிளைவீலை அசைத்துப் பார்த்து, ராக்கர்கள் அசையாத இடத்தில் வைக்க வேண்டும். இவ்வேலையைப் பட்டறையில் கொடுத்துச் செய்தாலும் அருகிலிருந்து இந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.